டி.யு.ஐ.யில் மாட்டிய பிறகு வண்டி ஓட்டலாமா? கலிபோர்னியாவின் கட்டுப்பாட்டு லைசென்ஸ்

கலிபோர்னியாவில் குடித்துவிட்டு ஓட்டிய குற்றத்துக்காக (சுருக்கமாக டி.யு.ஐ.) கைதானவரிடமிருந்து போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு தாளைக் கொடுப்பார். அந்த அகால வேளையில் யாரும் அதைப் படிப்பதில்லை. அபராதச் சீட்டு என்று நினைத்து மடித்துப் பையில் வைத்துக்கொள்பவர்களே அதிகம். அந்த ஒரு தாளில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: 30 நாள் கழித்து உங்கள் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகிறது என்ற உத்தரவு, அந்த 30 நாளுக்கு மட்டும் ஓட்டிக்கொள்ளத் தற்காலிக லைசென்ஸ், இதை எதிர்க்க நினைத்தால் 10 நாளுக்குள் விசாரணை கேட்க வேண்டும் என்ற அறிவிப்பு.

போதை தெளிந்ததும் மனதில் எழும் பெரிய கேள்வி, "திங்கட்கிழமை வேலைக்கு எப்படிப் போவது?" என்பதுதான். வீடு டிரேசியில், வேலை ஃப்ரீமாண்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அல்டமாண்ட் மலை இருக்கிறது. ஏஸ் ரயில் காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே என்று அலுவலக நேரத்தை வைத்து ஓடுகிறது. இரவு ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு அதனால் பயன் இல்லை. தினமும் வாடகைக் காரில் போனால் சம்பளத்தில் பாதி அதற்கே சரியாகிவிடும்.

இந்தக் கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில்தான் கட்டுப்பாட்டு லைசென்ஸ். முழு லைசென்ஸ் கைக்குத் திரும்புவதற்கு முன், சில நிபந்தனைகளோடு ஓட்ட அரசு தரும் அனுமதி அது. கலிபோர்னியாவில் இது இரண்டு வகை. ஒன்று, நீங்கள் எங்கே போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. மற்றது, எந்த வண்டியை ஓட்டலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. முதல் தடவை மாட்டியவர், கைதுக்குப் பிறகு மூச்சு அல்லது ரத்தப் பரிசோதனைக்கு மறுக்காதவராக இருந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இந்த விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால், இங்கே கலிபோர்னியாவை மட்டும் விளக்குகிறேன்.

ஒரே தப்புக்கு இரண்டு சஸ்பென்ஷன்

லைசென்ஸுக்குள் போவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு டி.யு.ஐ. கைது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடும் இரண்டு நடவடிக்கைகளைத் தொடங்கி வைக்கிறது. ஒன்று லைசென்ஸ் தரும் மாநில வாகனத் துறையான டிஎம்வியில், மற்றது நீதிமன்றத்தில்.

டிஎம்விக்குக் குற்றமா இல்லையா என்பதில் அக்கறை இல்லை. அது பார்ப்பது எண்ணை மட்டும். 21 வயது ஆனவரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், முதல் தடவைக்கு 4 மாதம் சஸ்பெண்ட். கடந்த 10 வருடத்தில் ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியிருந்தால் 1 வருடம். தொழில்முறை லாரி, பஸ் ஓட்டுநருக்கு வரம்பு 0.04. 21 வயது ஆகாதவருக்கு 0.01, அதாவது ஒரு சொட்டும் கூடாது என்று அர்த்தம். இந்தியச் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமிலேயே, அதாவது 0.03 சதவீதத்திலேயே கோடு போட்டுவிடுகிறது. அதோடு ஒப்பிட்டால் 0.08 தாராளமாகத் தெரியும். ஆனால் 0.08க்குக் கீழே இருந்தாலும், ஓட்டும் திறன் பாதிக்கப்பட்டிருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்தால் நீதிமன்றத்தில் தண்டனை உண்டு. "ரெண்டு பீர்தானே" என்ற கணக்கு அங்கே செல்லாது.

நீதிமன்ற நடவடிக்கை மெதுவாக நகரும். வழக்கு மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் குற்றவாளி என்று முடிவானால், முதல் தடவைக்கு 6 மாத சஸ்பென்ஷன் வருகிறது. இரண்டாவது தடவைக்கு 2 வருடம். மூன்றாவது தடவை என்றால் சஸ்பென்ஷன் கிடையாது, 3 வருடத்துக்கு லைசென்ஸே ரத்து.

அப்படியானால் 4 மாதமும் 6 மாதமும் சேர்ந்து 10 மாதமா? இல்லை. ஒரே சம்பவத்துக்கான இரண்டு சஸ்பென்ஷனையும் சேர்த்தாலும், மொத்தக் காலம் இரண்டில் நீளமானதைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. இன்னொரு குழப்பமும் அடிக்கடி கண்ணில் படுகிறது. நீதிமன்றத்தில் வழக்கு கைவிடப்பட்டாலோ, வேறு சின்னக் குற்றமாகக் குறைக்கப்பட்டாலோ, டிஎம்வியின் 4 மாதமும் தானாகப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. 0.08 குற்றச்சாட்டில் விசாரணை நடந்து, குற்றமற்றவர் என்று தீர்ப்பே வந்தால்தான் டிஎம்வி தன் சஸ்பென்ஷனை விலக்கிக்கொள்ள வேண்டும்.

நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே ஒரு அரசு அலுவலகம் எப்படி லைசென்ஸைப் பிடுங்கலாம் என்று கேட்பது நியாயம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதைப் பற்றி யோசித்திருக்கிறது. 1971இல் பெல் எதிர் பர்சன் வழக்கில், லைசென்ஸ் ஒருவருடைய பிழைப்போடு சம்பந்தப்பட்டது, முறையான விசாரணை இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்று சொன்னது. 1979இல் மேக்கி எதிர் மான்ட்ரிம் வழக்கில், மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்தவரின் லைசென்ஸை மாசச்சூசெட்ஸ் மாநிலம் முதலில் சஸ்பெண்ட் செய்துவிட்டு உடனடியாக விசாரணைக்கு வாய்ப்புத் தருவது செல்லும் என்றது. கலிபோர்னியாவில் இப்படிக் கைதோடு சேர்ந்து வரும் சஸ்பென்ஷன் 1990 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இளஞ்சிவப்புத் தாளில் உள்ள விசாரணைக்கான வாய்ப்பு அந்த முறையான விசாரணை என்ற நிபந்தனைக்காக இருப்பது.

அந்த 10 நாளில் சனி, ஞாயிறும் சேர்த்தி. டிஎம்வியின் ஓட்டுநர் பாதுகாப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டு விசாரணை வேண்டும் என்று சொல்லிவிட்டால், விசாரணை முடிந்து முடிவு வரும்வரை சஸ்பென்ஷன் தள்ளிப்போகும். விசாரணையில் கேட்கப்படும் கேள்விகள் மூன்றே மூன்று. நீங்கள் குடித்துவிட்டு ஓட்டினீர்கள் என்று நம்ப போலீஸுக்கு நியாயமான காரணம் இருந்ததா, கைது சட்டப்படி நடந்ததா, அளவு 0.08ஐத் தொட்டதா. "எனக்கு இரண்டு குழந்தைகள், வேலை போய்விடும்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ரொம்ப நாள் வரைக்கும் இந்த விசாரணையில், டிஎம்வி தரப்பில் வாதாடுபவரும் முடிவு சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தார். 2022இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் இது முறையில்லை என்று சொல்லி நிறுத்தியது. அதற்கு அத்தனை வருடம் பிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

வேலைக்கு மட்டும் ஒரு லைசென்ஸ்

சரி, இப்போது லைசென்ஸுக்கு வருவோம். பழைய வகை, வேலைக்கு மட்டுமான லைசென்ஸ். முதல் தடவை மாட்டியவர், பரிசோதனைக்கு மறுக்காதவர், 30 நாள் ஸ்டியரிங்கையே தொடாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு 5 மாதத்துக்கு, வேலைக்குப் போக, வர, வேலையின் பகுதியாக ஓட்ட, மாட்டியவர் கட்டாயம் சேர வேண்டிய டி.யு.ஐ. வகுப்புக்குப் போக, வர அனுமதி. அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்" என்பதை அழுத்தியே சொல்ல வேண்டும். வேலை முடிந்து வரும் வழியில் இந்தியன் கடையில் நின்று பால் வாங்குவது இதில் வராது. குழந்தையைப் பள்ளியில் விடுவது வராது. கோயிலுக்கோ மருந்துக்கடைக்கோ போவதும் வராது. வேலைக்குப் போகும் பாதையில்தானே கடை இருக்கிறது என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் அந்த வாதத்தைச் சாலையோரத்தில் ஒரு ஹைவே பாட்ரோல் அதிகாரியிடம் வைக்க யாருக்கும் ஆசை இருக்காது. நீதிமன்றம் குற்றவாளி என்று முடிவு செய்த பிறகும் இதே வகை கிடைக்கும். அப்போது அதன் காலம் 12 மாதம்.

மற்ற மாநிலங்களில் இந்த எல்லை வேறு வேறு இடத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் நிபந்தனை லைசென்ஸில் வேலை, படிப்பு, மருத்துவம் போக, வாரத்தில் ஒரு நாள் தொடர்ச்சியாக 3 மணி நேரம் சொந்த வேலைக்கு என்று ஒதுக்கித் தருகிறார்கள். டெக்சாஸில் இதற்கு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நீதிபதி நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுப்பார். இல்லினாய்ஸ், வண்டியில் மூச்சைச் சோதிக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டால் எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போ என்று விட்டுவிடுகிறது.

கருவி பொருத்திய வண்டி

கலிபோர்னியாவும் 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்க ஏறக்குறைய இல்லினாய்ஸ் போன பாதையில்தான் போகிறது. இரண்டாவது வகைக் கட்டுப்பாட்டு லைசென்ஸுக்கு, ஓட்டும் வண்டியில் ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் கருவியைப் பொருத்த வேண்டும். பொருத்தினால் 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை. எங்கே போகலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. பால் வாங்கலாம், பள்ளிக்குப் போகலாம், லாஸ் வேகஸுக்கே கூடப் போகலாம். முதல் தடவைக்கு டிஎம்வி சஸ்பென்ஷனின் 4 மாதமும் இப்படி ஓட்டலாம். பிறகு நீதிமன்றத்தில் தண்டனை வந்தால் 6 மாதம் கருவியோடு ஓட்டலாம். ஏற்கெனவே கருவியோடு ஓட்டிய காலம் அதில் கழியும். இரண்டாவது தடவை மாட்டியவருக்குத் தேர்வு கிடையாது, 12 மாதம் கருவி கட்டாயம். மூன்றாவது தடவைக்கு 24 மாதம், அதற்கு மேல் 36.

கருவி எப்படி இருக்கும்? ஒரு பழைய லேண்ட்லைன் போனின் ரிசீவரைப் போல, சுருள் வயரோடு டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும். வண்டியில் ஏறி, அதை எடுத்து, சில நொடி விடாமல் ஊத வேண்டும். சில கருவிகளில் ஊதிக்கொண்டே முனக வேண்டும். டயர்க் கடையின் காற்றுப் பம்பை வைத்து யாராவது ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. உள்ளே ஒரு எரிபொருள் கலம் இருக்கிறது. மூச்சில் உள்ள ஆல்கஹால் பிளாட்டினத் தகட்டில் பட்டு வினைபுரியும்போது சிறிய மின்னோட்டம் பிறக்கும். ஆல்கஹால் அதிகம் என்றால் மின்னோட்டமும் அதிகம். அது குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கருவி தடுத்துவிடும். இந்த வரம்பு 0.08 என்று நினைத்துவிடாதீர்கள். நாடு முழுவதற்குமான மாதிரி விதிமுறையில் அது 0.02. முந்தின நாள் இரவு நன்றாகக் குடித்தவருக்குக் காலை ஏழு மணிக்கும் வண்டி நகராமல் போவது இதனால்தான்.

ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்துவிடாது. போகும் வழியில், எதிர்பாராத நேரத்தில் கருவி கூப்பிடும். மறுபடி ஊத வேண்டும். பார்க்கிங்கில் நண்பன் ஊதிக்கொடுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கிப் போகிற தந்திரத்தை முறியடிக்கவே இந்த மறுபரிசோதனை. அதில் தோற்றால் ஓடும் வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிடுமோ என்று பயப்பட வேண்டாம், இன்ஜினைக் கருவி அணைக்காது. பதிவு செய்துகொள்ளும், மாடலைப் பொறுத்து ஹாரனை அலறவிடும், விளக்கை மின்னவிடும்.

குடிக்காமலேயே மாட்டும் வாய்ப்பும் உண்டு. மவுத்வாஷில் ஆல்கஹால் இருக்கிறது. கொப்பளித்த கையோடு ஊதினால் வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹாலைக் கருவி பிடித்துக்கொள்ளும். ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த ரொட்டியைச் சாப்பிட்ட உடனேயும் சில சமயம் இப்படி ஆகும். தண்ணீரால் நன்றாக வாயைக் கொப்பளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஊதினால் வாயில் இருந்தது போயிருக்கும். ரத்தத்தில் இருப்பது அப்படிப் போகாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடுத்த ஊதலின் நேரமும் எண்ணும்தான், அதனால் தோற்றவுடன் பயந்து வண்டியை விட்டுவிட்டுப் போகாமல், கருவி மறுபடி கேட்கும்போது ஊதுவது நல்லது.

வீட்டில் ஒரே கார் என்றால் மனைவியும், ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளையும் ஊதித்தான் ஓட்ட வேண்டும். ஹோட்டல் வாசலில் சாவியை வாங்கும் வாலே பையனும் ஊத வேண்டும். அந்தக் காட்சியைத் தவிர்க்கவே பலர் தூரத்தில் பார்க்கிங் தேடுகிறார்கள். கம்பெனி வண்டிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. வேலையின் பகுதியாக முதலாளியின் வண்டியை ஓட்ட வேண்டியிருந்தால், முதலாளிக்கு விஷயத்தைத் தெரிவித்து, தெரிவித்ததற்கான அத்தாட்சியை வண்டியில் வைத்துக்கொண்டு கருவி இல்லாமல் ஓட்டலாம். சொந்தமாக ஒரு கம்பெனியைப் பதிவு செய்து அதன் பெயரில் காரை மாற்றிக்கொள்ளலாமே என்று யோசிப்பவர்களுக்கு: அந்த வழியைச் சட்டம் முன்பே அடைத்துவிட்டது. ஓட்டுபவருக்குப் பங்கோ கட்டுப்பாடோ உள்ள நிறுவனத்தின் வண்டிக்கு விலக்கு இல்லை.

60 நாளுக்கு ஒரு தடவையாவது கருவியை, பொருத்திய கடைக்குக் கொண்டுபோய் அளவு சரிபார்க்க வேண்டும். அப்போது பதிவுகளையும் எடுத்துக்கொள்வார்கள். கருவியைக் கழற்றினாலோ, ஏமாற்றப் பார்த்தாலோ, பராமரிப்பு விதிகளை மூன்று தடவை மீறினாலோ கடைக்காரர் டிஎம்விக்குத் தெரிவித்தாக வேண்டும். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. டிசம்பரில் ஊருக்குக் கிளம்பி ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பினால், அதற்குள் சரிபார்க்கும் தேதி கடந்திருக்கலாம். கருவி சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருப்பதால் பேட்டரியும் இறங்கியிருக்கும். டிக்கெட் போடும்போதே கடைக்காரரிடம் பேசி, கிளம்புவதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்து, திரும்பிய பிறகான தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவு ஓட்டுபவருடையது. வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் சட்டப்படி சலுகை உண்டு. மத்திய அரசின் வறுமைக் கோட்டிலோ அதற்குக் கீழோ இருப்பவர் 10 சதவீதம் கட்டினால் போதும். அந்தக் கோட்டின் இரண்டு மடங்கு வரை வருமானம் உள்ளவர் 25 சதவீதம், மூன்று மடங்கு வரை உள்ளவர் 50 சதவீதம். கால்ஃபிரெஷ் உணவு உதவி வாங்குபவருக்கும் 50. கேட்டால்தான் கிடைக்கும்.

இரண்டு வகையில் எது நல்லது என்று கேட்டால், குடும்பத்தோடு இருப்பவருக்கு நான் கருவியையே சொல்வேன். வேலைக்கு மட்டுமான லைசென்ஸ் மலிவாகத் தெரியும். ஆனால் அதோடு வாழும் 5 மாதமும், ஒவ்வொரு தடவை சாவியை எடுக்கும்போதும் இந்தப் பயணம் சட்டப்படி சரியா என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். தனியாக இருப்பவர், அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு, மற்றதெல்லாம் நடந்தே போகிற தூரம் என்றால் முதல் வகை போதும்.

அரசு ஏன் இப்படி இறங்கி வருகிறது?

குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு எதற்கு இந்தச் சலுகை என்ற கோபம் பலருக்கு உண்டு. குடிகாரன் ஓட்டிய வண்டியில் உறவினரைப் பறிகொடுத்தவருக்கு அது இன்னும் அதிகமாகவே இருக்கும். ஆனால் இந்தச் சட்டம் இரக்கத்தில் பிறந்தது அல்ல. லைசென்ஸைப் பறித்தாலும் பலர் ஓட்டத்தான் செய்கிறார்கள் என்ற அனுபவத்தில் பிறந்தது. கார் இல்லாமல் பிழைப்பு நடக்காத ஊரில், லைசென்ஸ் இல்லாமலும், அதனால் இன்ஷூரன்ஸ் இல்லாமலும், யார் கண்ணிலும் படாமலும் ஓட்டுகிறவரைவிட, ஊதி ஓட்டுகிறவரே மேல் என்று அரசு முடிவு செய்தது.

ஒரே நாளில் வந்த முடிவும் இல்லை. கலிபோர்னியா இந்தக் கருவியை 1986இலேயே ஃபார்-டேவிஸ் சட்டத்தின் கீழ் நான்கு மாவட்டங்களில் பரிசோதித்துப் பார்த்தது. அடுத்த பெரிய பரிசோதனை 2010 ஜூலையில் அலமீடா, லாஸ் ஏஞ்சலஸ், சாக்ரமெண்டோ, டுலேரி மாவட்டங்களில் தொடங்கியது. டிஎம்வி 2016இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தடவை மாட்டியவர்களில் கருவி பொருத்தியவர்கள் முதல் 182 நாளில் மறுபடி குடித்து ஓட்டி மாட்டுவது, வெறும் சஸ்பென்ஷனில் இருந்தவர்களைவிட 74 சதவீதம் குறைவாக இருந்தது. கருவியை ஆதரிப்பவர்கள் எல்லோரும் இந்த எண்ணைச் சொல்வார்கள். அதே ஆய்வில் இருந்த இன்னொரு விஷயத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள்: கருவி பொருத்தியவர்களுக்கு விபத்து அதிகமாக இருந்தது. காரணம் சாதாரணமானது. சஸ்பென்ஷனில் இருப்பவர் குறைவாக ஓட்டுகிறார், கருவி உள்ளவர் எல்லோரையும் போல் ஓட்டுகிறார். ஓட்டினால் விபத்துக்கும் வாய்ப்பு உண்டு. இதற்குப் பிறகுதான் சட்டமன்றம், 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தைக் கொண்டுவந்தது.

எதையெல்லாம் கட்ட வேண்டும், யாருக்குக் கிடைக்காது

கட்டுப்பாட்டு லைசென்ஸ் வாங்க டிஎம்விக்குச் சில தாள்கள் போய்ச் சேர வேண்டும். டி.யு.ஐ. வகுப்பில் சேர்ந்ததற்கான டிஎல் 107, கருவி வகை என்றால் கடைக்காரர் தரும் டிஎல் 920, இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் எஸ்ஆர் 22, அப்புறம் 125 டாலர் கட்டணம். பெரும்பாலும் கால தாமதம் ஆவது எஸ்ஆர் 22 விஷயத்தில். உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பதற்குக் கம்பெனியே டிஎம்விக்குக் கொடுக்கும் உத்தரவாதம் அது. பாலிசி நின்றுபோனால் அதையும் கம்பெனியே தெரிவித்துவிடும், லைசென்ஸும் உடனே போய்விடும்.

வகுப்பு முதல் தடவைக்குக் குறைந்தது 3 மாதம், 30 மணி நேரம். அளவு 0.20ஐத் தொட்டிருந்தால் 9 மாதம், 60 மணி நேரம். இரண்டாவது தடவைக்கு 18 மாதம். தொடர்ந்து வராமல் இருந்தால் வகுப்பிலிருந்து நீக்குவார்கள், நீக்கியது டிஎம்விக்குத் தெரிந்ததும் கட்டுப்பாட்டு லைசென்ஸ் போய்விடும்.

பரிசோதனைக்கு மறுத்தவருக்கு இந்த வழி அடைபடுகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கைதுக்கு முன் சாலையோரத்தில் கையடக்கக் கருவியில் ஊதச் சொல்வதை 21 வயது ஆனவர் மறுக்கலாம் (ஏற்கெனவே டி.யு.ஐ. நன்னடத்தைக் காலத்தில் இருப்பவர் முடியாது). கைதுக்குப் பிறகு மூச்சு அல்லது ரத்தப் பரிசோதனைக்கு மறுத்தால் கதை வேறு. முதல் தடவையே 1 வருட சஸ்பென்ஷன், அந்த வருடம் முழுக்க கட்டுப்பாட்டு லைசென்ஸ் கிடையாது. யாரோ சொன்னதைக் கேட்டு "எதற்கும் ஊதாதே" என்று இருந்தவர்கள், ஊதியவர்களைவிட அதிக நாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லாரி ஓட்டுநருக்கும் இது பயன்படாது. தொழில்முறை லைசென்ஸுக்கு மத்திய அரசின் விதி பொருந்தும்: முதல் தடவை 1 வருடத் தகுதியிழப்பு, இரண்டாவது தடவை வாழ்நாள் முழுக்க. வார இறுதியில் சொந்தக் காரில் மாட்டியிருந்தாலும் இதே கணக்குதான். அவர் சாதாரணக் கார் லைசென்ஸுக்கு இறங்கி, கார் ஓட்டக் கட்டுப்பாட்டு லைசென்ஸ் வாங்கலாம். லாரியை ஓட்ட வழியில்லை.

இந்திய லைசென்ஸோ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கையில் இருக்கிறது, அதை வைத்து ஓட்டலாமா? கூடாது. சஸ்பெண்ட் ஆவது பிளாஸ்டிக் அட்டை அல்ல, கலிபோர்னியாவில் ஓட்டும் உரிமை. வேறு எந்த அட்டையைக் காட்டினாலும் சஸ்பென்ஷனில் ஓட்டிய குற்றம்தான். டி.யு.ஐ. சஸ்பென்ஷனில் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 10 நாள் முதல் 6 மாதம் வரை சிறை, 300 முதல் 1,000 டாலர் வரை அபராதம், வண்டியை 30 நாள் பறிமுதல் செய்து வைக்கும் அதிகாரமும் போலீஸுக்கு உண்டு. வேலைக்கு மட்டுமான லைசென்ஸை வைத்துக்கொண்டு சினிமாவுக்குப் போனாலும் கட்டுப்பாட்டை மீறிய குற்றம் வரும்.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தனி நடவடிக்கையும் உண்டு, லைசென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டி.யு.ஐ. கைது ஒன்றே போதும், தீர்ப்பு வரும் முன்னரே அமெரிக்க வெளியுறவுத் துறை பாஸ்போர்ட்டில் உள்ள எச்1பி விசா முத்திரையை ரத்து செய்யலாம். நாட்டுக்குள் இருக்கும் அந்தஸ்து இதனால் மட்டும் போவதில்லை. ஊருக்குப் போனால், திரும்பி வர தூதரகத்தில் புதிதாக விசா வாங்க வேண்டும், அதற்கு மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். எனவே கைதான பிறகு போக்குவரத்து வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் பார்ப்பது நல்லது. ஒருவருக்கு நல்லதாகப் படும் சமரசம் மற்றவருக்கு ஆபத்தாக இருக்கலாம்.

கருவியின் காலம் முடிந்தாலும் அதைத் தானாகக் கழற்றிவிடக் கூடாது. வகுப்பை முடித்ததற்கான டிஎல் 101 டிஎம்விக்குப் போய், கட்டுப்பாடு நீங்கியது என்று டிஎம்வி உறுதி செய்த பிறகே கடைக்குப் போக வேண்டும். எஸ்ஆர் 22 அதற்குப் பிறகும் தொடரும், மொத்தம் 3 வருடம். கலிபோர்னியா இன்ஷூரன்ஸில் கிடைக்கும் நல்ல ஓட்டுநர் தள்ளுபடி, தண்டனை பெற்றவருக்கு 10 வருடம் கிடைக்காது. இதற்குள் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் கணக்கு முடியாது: கலிபோர்னியாவில் பாக்கி இருக்கும்வரை புதிய மாநிலத்தின் டிஎம்வி தேசியப் பதிவேட்டில் உங்கள் பெயரைப் பார்த்து, முதலில் அங்கே முடித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பும்.